அரை மீட்டர் குழாயும் நான்கு நாற்காலிகளும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இதுவரை யாருக்கும் வரவில்லை. ஊருக்கு அவர் அங்குலம். குழாய் வேலை செய்கிறவர். அளக்காமல் எதையும் வெட்டமாட்டார், அளந்த பிறகு எதையும் மாற்றமாட்டார். குழாயில் இருந்த இந்தக் குணம் மெல்ல நாக்குக்கும் ஏறி, சொன்னால் சொன்னதுதான் என்ற அளவுக்கு முற்றிப்போயிருந்தது.

நாக்கு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மிடறு தண்ணீரை வாயில் ஊற்றி, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் புரட்டினால் போதும். அது எந்தத் தெருத் தொட்டியிலிருந்து வருகிறது, குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, தொட்டிக்கு மூடி உண்டா என்பதெல்லாம் சொல்லிவிடுவார். ஒருமுறை தபால் நிலையத்தில் குடித்துப் பார்த்துவிட்டு, "மேல தொட்டியில பூனை இருக்கு" என்றார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். பூனை இல்லை. பூனையின் கழுத்து மணி மட்டும் அடியில் கிடந்தது. பூனை எப்படியோ கரையேறிப் போயிருந்தது. அங்குலம் அதையும் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் புதன்கிழமை தோறும் வேதபாட வகுப்புக்குப் போனார் என்றால், அங்கே எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆயரம்மா. ஓய்வு பெற்றது சம்பளத்திலிருந்து மட்டும்தான். பழைய திருச்சபைப் பெரியவர்கள் வேதவசனத்துக்கு நான்கு அடுக்குப் பொருள் உண்டு என்று சொன்னதை எடுத்து, அதை நான்கு நாற்காலிகளாக்கிவிட்டார். முதல் நாற்காலி மரம்; அதில் உட்காருகிறவர் நடந்தது என்ன என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது பிரம்பு நாற்காலி. நடந்தது கிறிஸ்துவை எப்படிக் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாவது மடக்கு இரும்பு நாற்காலி; நான் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் கேள்வி. நான்காவது மெத்தை வைத்தது. கடைசியில் நாம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி இது என்ன சொல்கிறது என்று பேச வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆயரம்மா எருசலேமை வைத்து விளக்குவார். "எருசலேம்னா முதல்ல ஒரு ஊரு. மதில் இருக்கு, வாசல் இருக்கு, சாக்கடையும் இருக்கு. ரெண்டாவது பார்த்தா அது கிறிஸ்துவோட சபை. மூணாவது உங்க மனசு. நாலாவது பரலோகம். ஆனா அந்த ஊரு இல்லாம மத்த மூணும் இல்ல. கீழ்த்தளத்த இடிச்சுட்டு மாடி கட்ட முடியுமா?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அங்குலத்தின் முதுகு நிமிரும். மர நாற்காலி அவருடையது. வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. நோவாவின் பேழை முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம் என்று வாசித்துவிட்டு, "இவ்வளவு மிருகத்த ஏத்தியிருக்காரு, கழிவு போக ஒரு குழாய்கூட சொல்லலியே" என்று மூன்று வாரம் அங்கேயே நின்றவர் அவர். எலியா பலிபீடத்தின் மேல் பன்னிரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்ன பகுதி வந்தபோது, "மழையே இல்லாத பஞ்சத்துல பன்னெண்டு குடம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். பிரம்பு நாற்காலியில் நிரந்தரமாக இருந்த கண்ணாடிக்கடைக்காரர், பன்னிரண்டு குடம் என்பது பன்னிரண்டு அப்போஸ்தலர் என்றார். எங்கே சிவப்பைக் கண்டாலும் இரத்தம், எங்கே மரத்தைக் கண்டாலும் சிலுவை என்று பார்க்கக்கூடிய கூர்மையான பார்வை அவருக்கு.

"அப்போஸ்தலரு சரி, தண்ணி?" என்றார் அங்குலம்.

இரும்பு நாற்காலிதான் எல்லோருக்கும் பயம். அதில் உட்கார்ந்தவர் ஒரு வாரத்துக்குள் தான் செய்யப்போகிற ஒரு காரியத்தைச் சொல்லி, அடுத்த புதன் வந்து செய்தேனா இல்லையா என்றும் சொல்ல வேண்டும். அதன் மடிப்பு வேறு தொடையைக் கடிக்கும். கடைசியாக வருகிறவருக்கு அதுதான் கிடைக்கும் என்பதால் அது பெரும்பாலும் பள்ளி வேன் ஓட்டுகிறவருக்கே வாய்த்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு மூச்சிரைக்க வருவார். வாரா வாரம் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒருவருக்கு வழிவிட்டு, ஒருவரைப் போய்ப் பார்த்து, தன் விருப்பத்துக்கு மாறாக ஊரிலேயே நல்ல மனிதர் ஆகிவிட்டிருந்தார்.

மெத்தை நாற்காலியில் இருந்தவர் டெலிபோன் அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தவர். வகுப்பு நடந்தது அவருடைய வீட்டுக் கூடத்தில்தான். இரண்டாவது மாடி, காற்றோட்டமான வீடு. அவர் அங்குலத்தின் கூடப்பிறந்த அக்கா. இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

சண்டைக்குக் காரணம் அந்த வீட்டுக் குழாய். அக்கா வீட்டை வாங்கிப் புதுப்பித்தபோது அங்குலம் முதுகு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தால் வேறு ஒருவன் குழாய் வேலை முழுவதையும் முடித்திருந்தான். தம்பி குனிந்து நிமிரக் கூடாது என்று அக்கா நினைத்தார். அதைத் தம்பியிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஊரார் பேச்சை இணைத்துப் பழகியவருக்குத் தன் பேச்சை இணைக்கத் தெரியவில்லை. வீட்டு ஜெபத்துக்கு நாற்பது பேர் கூடியிருந்தபோது அங்குலம் சமையலறையில் நின்று குழாயைத் தட்டிப் பார்த்தார். பிறகு எல்லோர் காதிலும் விழுகிறபடி சொன்னார்.

"அவன் போட்ட குழாயில வர்ற தண்ணிய இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு குடிக்க மாட்டேன்."

மற்றவர்களாக இருந்தால் கோபத்தில் சொன்னது என்று ஒரு மாதத்தில் விட்டிருப்பார்கள். அங்குலம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினார். அடுத்த வருடம் ஆயரம்மா வகுப்பை அக்கா வீட்டுக்கு மாற்றியபோது, மர நாற்காலியை விட மனமில்லாமல் அவரும் வந்தார். வரும்போது ஒரு பச்சை பாட்டிலும் வந்தது. அதை வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியின் மேல் வைப்பார். பேசிப் பேசித் தொண்டை வறண்டால் எழுந்து, நிலையைத் தாண்டி, வெளியே நின்று குடித்துவிட்டு வருவார். பாட்டிலின் மூடி பழுதானது. அழுத்தி, எதிர்ப்பக்கம் அரைத் திருகு திருப்பி, பிறகு நேர்ப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். அங்குலமே நூல் சுற்றிச் சரிசெய்த மூடி; வேறு யார் கைக்கும் அது இணங்காது.

அந்தப் பாட்டிலில் ஒரு விசேஷம். அது காலியாவதே இல்லை.

"நான் அரை பாட்டில்தான ஊத்தி அனுப்பினேன். நீங்க குடிச்சுட்டும் வந்தீங்க, பாட்டிலும் நிரம்பி வருது. இது என்ன வேதத்துல வர்ற அந்த விதவை வீட்டு வத்தாத எண்ணெய்க் கலயமா?" என்று ஒருநாள் அவருடைய மனைவி கேட்டார்.

"உனக்கு அளவு தெரியாது" என்றார் அங்குலம்.

இதற்கிடையே அந்த இன்னொருவன் போட்ட குழாய்கள் ஒவ்வொன்றாக ஒழுகத் தொடங்கின. அக்கா ஆயரம்மாவிடம் சொல்வார்: "குழாய்க்காரர்கிட்ட சொல்லுங்க, குளியலறையில சொட்டுது." குழாய்க்காரர் ஐந்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஆயரம்மா திரும்பிச் சொல்வார். அங்குலமும் அவரிடமே பதில் சொல்வார்: "வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க, நாளைக்கு வர்றேன்." வருவார், பழையதைப் பிடுங்குவார், புதியதைப் போடுவார், தாகத்தோடு திரும்புவார். இப்படி எட்டு வருடத்தில் குளியலறை, பின்கட்டு, மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் அக்கா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார் என்ற செய்தி வந்தது. மகன் இருந்த ஊர் ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய தூரம். சனிக்கிழமை புறப்பாடு. அதற்கு முந்திய புதன் கடைசி வகுப்பு.

அங்குலம் அன்று சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே அனுப்பப் போறீங்களா?" என்றார் மனைவி.

"இல்ல. இன்னும் அரை மீட்டர்தான் பாக்கி."

"எதுக்கு?"

"சமையலறைச் சுவத்துக்குள்ள அவன் போட்டது அரை மீட்டர் இருக்கு. அதையும் மாத்திட்டா அவன் போட்ட குழாயே அந்த வீட்டுல கிடையாது. அப்புறம் நான் குடிக்கலாம். சொன்ன சொல்லும் நிக்கும்."

மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "'அக்கா, தண்ணி குடு'ன்னு நீங்க கேட்டா ஒரு நிமிஷம். சுவத்த இடிச்சா ஒரு நாள். எது சுலபம்?"

"இடிக்கிறதுதான்" என்றார் அங்குலம், சற்றும் யோசிக்காமல்.

ஆனால் இடிக்க அக்கா சம்மதிக்கவில்லை. குடிவருகிறவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள், ஒரு டைல்ஸும் உடையக் கூடாது என்று ஆயரம்மா வழியாகப் பதில் வந்தது. அங்குலம் விடவில்லை. உடைக்காமல் பக்கவாட்டில் இழுத்து எடுக்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, புதன் பகல் இரண்டு மணிக்கே கருவிப் பையோடு வந்துவிட்டார். வாசலில் உள்ள பெரிய வால்வை மூடினார். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்தார். இழுத்தார், திருகினார், எண்ணெய் விட்டார், சூடு காட்டினார். கடைசியில் கெஞ்சவும் செய்தார். எட்டு வருடமாக ஒழுகிய வேலையில் அந்த அரை மீட்டரை மட்டும் அந்தப் பாவி உருப்படியாகப் போட்டிருந்தான். அது அசையவில்லை.

ஐந்து மணிக்குக் கூடத்தில் நாற்காலிகள் இழுக்கப்படும் சத்தம் கேட்டது. அங்குலம் கழற்றியதைத் திரும்ப மாட்டிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பள்ளிக்கு விடுமுறை என்பதால் வேன்காரர் சீக்கிரமே வந்திருந்தார். மர நாற்காலியில், இரண்டு கைப்பிடியையும் பிடித்தபடி, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க இடம் நல்லா குளுகுளுன்னு இருக்கே" என்றார்.

மிச்சமிருந்தது இரும்பு நாற்காலி.

"ஆயரம்மா, நான் நின்னுக்கிறேன்" என்றார் அங்குலம்.

"நிக்கறதுக்குப் பொருள் எதுவும் நான் வைக்கல. உக்காருங்க."

உட்கார்ந்தார். நாற்காலி உடனே கடித்தது.

அன்றைய பகுதி, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் பகுதி. இதை அங்குலம் இதற்கு முன் மூன்று முறை நடத்தியிருக்கிறார். கிணற்றின் ஆழம், கயிற்றின் நீளம், குடத்தின் எடை எல்லாம் அவருக்கு மனப்பாடம். வேன்காரர் தடுமாறுவதைக் கேட்க அவருக்குத் தாங்கவில்லை.

"நல்ல உச்சி வெயில்" என்று தொடங்கினார் வேன்காரர். "அவரு நடந்து களைச்சுப் போய் உக்காந்திருக்காரு. கூட வந்தவங்க சாப்பாடு வாங்கப் போயிட்டாங்க. அந்தம்மா வருது. குடிக்கக் குடுன்னு கேக்கறாரு. நீ யூதன், நான் சமாரியப் பொம்பள, என்கிட்ட எப்படிக் கேக்கறேங்குது அந்தம்மா. பேசறாங்க, பேசறாங்க, ரொம்ப நேரம் பேசறாங்க. அப்புறம் அது குடத்த அங்கேயே வெச்சுட்டு ஊருக்குள்ள ஓடிப்போச்சு."

"கிணறு எவ்வளவு ஆழம்?" என்றார் அங்குலம்.

"அது தெரியாதுண்ணே. எனக்கு வேற ஒண்ணு புரியல. தண்ணி கேட்டாரே, குடிச்சாரா?"

"குடிச்சிருப்பாரு."

"எங்க எழுதியிருக்கு?"

அங்குலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேதாகமத்தை விரித்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் மேலே வந்தார். கூட வந்தவர்கள் வாங்கிவந்த சாப்பாட்டையும் இயேசு சாப்பிடவில்லை. அந்தப் பெண் வாளி இறக்கியதாகவோ, மொண்டதாகவோ, நீட்டியதாகவோ ஒரு வார்த்தை இல்லை. ஆழத்தை அளந்தவர், கயிற்றை அளந்தவர், கேட்டவருக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. முதல் நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்து, முதல் தளத்திலேயே ஓர் அறையைத் திறக்காமல் விட்டிருக்கிறார்.

"இல்ல" என்றார் மெதுவாக.

கண்ணாடிக்கடைக்காரர் இதற்காகவே காத்திருந்தது போல முன்னால் நகர்ந்தார். "சிலுவையிலயும் தாகமா இருக்குன்னு சொன்னாரு. அங்க புளிச்ச காடிதான் கிடைச்சுது. கடலையும் மழையையும் உண்டாக்கினவரு ஒரு பொம்பளகிட்ட கையேந்தி உக்காந்திருக்காரு பாருங்க. குடுக்க வந்தவரு, முதல்ல கேக்கறாரு. அவ வாயைத் திறக்கணும்னா இவரு கேட்டாகணும்." அவர் அன்று எந்தச் சிவப்பையும் தேடவில்லை.

எல்லோரும் இரும்பு நாற்காலியைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் மூட்டை கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்குலம் தொண்டையைச் செருமினார். "ஆயரம்மா, இதுல உக்காந்தவன் ஒரு வாரத்துக்குள்ள செஞ்சா போதும்தானே?"

"போதும். ஆனா அந்தக் கிணத்தடி சனிக்கிழமையோட காலி."

அவர் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கில் இன்னும் எண்ணெய்க் கறை இருந்தது. பிறகு தலையைத் திருப்பி, ஐந்தடி தூரத்தை ஒன்பது வருடத்தில் முதல்முறையாக யாரையும் நடுவில் வைக்காமல் கடந்தார்.

"அக்கா. தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடு."

அக்கா உடனே எழவில்லை. "நீ எப்படிடா என்கிட்ட தண்ணி கேக்கற?" என்றார். வேன்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "உள்ள மல்லாந்து படுத்து மூணு மணி நேரம் இழுத்தியே, வந்துச்சா?"

"வரல."

"அப்போ அது அவன் போட்ட குழாய்தான்."

"அரை மீட்டர்தான் அக்கா."

"அரை மீட்டர்னாலும் அவனோடதுதான. நாப்பது பேர் முன்னாடி சொன்னியே, அது என்ன ஆகும்?"

"உடையும்" என்றார் அங்குலம். "உடையட்டும். நாப்பது வருஷமா உடைஞ்சதோடதான பொழப்பு நடத்திக்கிட்டிருக்கேன்."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் வந்தது, தொடர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு. அக்காவுடையதா குழாயுடையதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"காத்துதான் வருது" என்றது அக்காவின் குரல்.

"வால்வு. நான்தான் மூடினேன்." அங்குலம் வெளியே ஓடி வால்வைத் திறந்தார். குழாய் இருமிற்று, துப்பிற்று, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கொட்டிவிட்டுத் தெளிந்தது.

"டம்ளர் எல்லாம் கட்டிப் போட்டாச்சே" என்றார் அக்கா.

"மொண்டுகொள்ளப் பாத்திரமும் இல்ல" என்று அந்தச் சமாரியப் பெண் சொன்னதையே எடுத்துச் சொன்னார் கண்ணாடிக்கடைக்காரர், மிகுந்த திருப்தியோடு.

அக்கா விடுவிடுவென்று வாசலுக்கு வந்தார். செருப்பு அலமாரியின் மேலிருந்த பச்சை பாட்டிலை, பார்க்காமலே எடுத்தார். நடந்துகொண்டே மூடியை அழுத்தி, எதிர்ப்பக்கம் அரைத் திருகு, நேர்ப்பக்கம் ஒரு திருகு. திறந்துவிட்டது. பழையதைக் கொட்டி, அலசி, நிரப்பி, தம்பியின் முன்னால் நீட்டினார்.

ஆயரம்மாவின் பார்வை மூடியிலேயே இருந்தது. "அது யாருக்கும் திறக்காதே. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அக்காவின் முகம் சிவந்தது. இந்தச் சிவப்புக்குக் கண்ணாடிக்கடைக்காரரும் பொருள் சொல்லவில்லை.

"எட்டு வருஷமா நான்தான் ரொப்பி வைக்கறேன்" என்றார் அக்கா. "இவன் முழக்கணக்கு சொல்ல ஆரம்பிச்சா அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல உள்ள எடுத்துட்டுப் போய் ரொப்பிட்டு வெச்சுடுவேன். அவனுக்குத் தெரியாம."

"தெரியும்" என்றார் அங்குலம்.

"என்னது தெரியும்?"

"முதல் புதன்கிழமையே தெரியும். உன் தொட்டியில சுண்ணாம்பு ஜாஸ்தி. தெருவுல வேற யார் வீட்டுலயும் அப்படிக் கிடையாது."

"தெரிஞ்சுக்கிட்டேவா குடிச்ச?"

"வெளியில நின்னுதான குடிச்சேன். வீட்டுக்குள்ளன்னுதான சொன்னேன்."

அக்கா அவரை அடிக்கக் கை ஓங்கி, பாட்டில் கையில் இருந்ததால் நிறுத்திக்கொண்டார். அங்குலம் அதை வாங்கி, அதே இரும்பு நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அண்ணாந்து குடித்தார். கன்னத்துக்குக் கன்னம் புரட்டவில்லை. நேராக விழுங்கினார்.

"நாலாவது நாற்காலி பாக்கி இருக்கு" என்று ஆயரம்மா நினைவூட்டினார். "கடைசியில எங்க போய்ச் சேர்றோம்?"

"நான் சனிக்கிழமை மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்றேன்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுக்கும் அப்புறம் பரலோகத்துல தேவனோட சிங்காசனத்துலேருந்து ஓடற நதி இருக்கு. அங்க யாரும் பாட்டில் கொண்டுவரத் தேவையில்ல."

"அதுக்குச் சரிவு எந்தப் பக்கம்?" என்றார் அங்குலம்.

"நீ வந்து அளந்துக்கோடா" என்றார் அக்கா.

அடுத்த புதன் வகுப்பு கண்ணாடிக்கடை மாடியில் கூடியது. அங்குலம் முதல் ஆளாக வந்து மர நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரும்பு நாற்காலிக்காரர் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று ஆயரம்மா கேட்டபோது, "செஞ்சாச்சு, எல்லாரும் பார்த்தீங்க" என்று ஒரே வரியில் முடித்தார். ஆனால் அன்று இரண்டு முறை தொண்டை வறண்டு எழுந்து, வாசல்வரை போய், அங்கே எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பச்சை பாட்டில் அக்காவோடு போய்விட்டிருந்தது.

மூன்றாம் வாரம் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. நேராக, யார் வழியாகவும் இல்லாமல்.

"இந்த ஊர்த் தண்ணி ஒரே உப்புடா. மகன் வேற யாரையோ கூப்பிட்டுக் குழாயைப் பார்க்கச் சொல்லப் போறேங்கறான்."

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்றார் அங்குலம்.

மறுநாள் விடிந்ததும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார். ரசமட்டம், அளவு நாடா, நூல் எல்லாம் இருக்கிறதா என்று மனைவி தடவிப் பார்த்தார்.

"ஒரு பகல் பூரா போகணும். தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கித் தரட்டா?"

"வேண்டாம்" என்றார் அங்குலம். "அங்க போய்க் குடிச்சுக்கிறேன்."

பேருந்து நகர்ந்த பிறகுதான், அது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போய்ச் சேரும் என்பது அவருக்கு உறைத்தது. சொன்னால் சொன்னதுதான். நாள் முழுவதும் தாகத்தோடு உட்கார்ந்து போனார்.

ஆறரை மணிக்கு அக்கா கதவைத் திறந்தபோது, கையில் பச்சை பாட்டில் இருந்தது. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.